சீப்பில் வரும் முடியின் முனையில் இருக்கும் வெள்ளைக் குமிழ் வேரா? முடியின் அமைப்பும் வேலையும்

கேள்வி இதுதான்: தலை வாரும்போது வரும் முடியின் ஒரு முனையில் குட்டியாக வெள்ளைக் குமிழ் தெரிகிறது. வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டதா, அந்த இடத்தில் இனி முளைக்குமா? முடி எப்படி அமைந்திருக்கிறது, உடலுக்கு அதனால் என்ன பயன்?

முதல் பகுதிக்கு நேரடி விடை: அது வேர் அல்ல. வளர்ந்து முடித்து ஓய்வுக்குப் போன முடியின் அடிப்பகுதி கெட்டியாகிக் குமிழ் போலத் திரண்டிருக்கும். நிறமி சேர்வது அதற்கு முன்பே நின்றுவிடுவதால் அது வெளுத்துக் காணப்படும். முடியை உண்டாக்கும் மயிர்க்கால் தோலுக்குள் பத்திரமாக இருக்கிறது. பெரும்பாலும் அடுத்த முடி அங்கே வளரத் தொடங்கியே இருக்கும். குமிழோடு விழுவது முறையாக உதிர்ந்த முடி. கவலைப்பட வேண்டியது எண்ணிக்கை கூடும்போதுதான்.

முடியைப் பற்றிய குழப்பங்களில் பாதி, இரண்டு வெவ்வேறு பொருள்களை ஒன்றாக நினைப்பதால் வருகிறது. தோலுக்கு வெளியே தெரியும் முடித்தண்டு உயிரற்ற இழை. அதில் நரம்பும் இல்லை, ரத்தமும் இல்லை; காயம் பட்டால் ஆறும் திறனும் இல்லை. தோலுக்குள் இருக்கும் மயிர்க்கால் உயிருள்ள ஒரு சிறு உறுப்பு. ஷாம்பூ, கண்டிஷனர், எண்ணெய், சாயம், சூடு எல்லாம் முக்கியமாகத் தண்டின் விவகாரம். ஹார்மோன், காய்ச்சல், இரும்புச்சத்து, மரபு எல்லாம் மயிர்க்காலின் விவகாரம். எந்தப் பொருளை யார் விற்க வந்தாலும் ‘இது தண்டுக்கா, மயிர்க்காலுக்கா?’ என்று கேட்டாலே பாதி விளம்பரங்கள் அடங்கிவிடும்.

மயிர்க்காலை முதலில் பார்ப்போம். தலையில் நன்கு வளர்ந்துகொண்டிருக்கும் ஒரு முடியின் அடிப்பகுதி ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் ஆழத்தில், தோலுக்கு அடியில் உள்ள கொழுப்புப் படலத்தில் உட்கார்ந்திருக்கும். நேராக அல்ல, சாய்வாக. அடியில் வீங்கிய பகுதி குமிழ் (சீப்பில் வரும் வெள்ளைக் குமிழ் அல்ல, இது உயிருள்ளது). அதன் அடிவாயில் குழிந்து நுழைந்திருக்கும் சிறு திசு பாப்பில்லா. நுண்ணிய ரத்த நாளங்கள் இதற்குள்தான் வருகின்றன. முடி எவ்வளவு தடிமனாக வளர வேண்டும் என்பதை இதன் அளவே பெரிதும் முடிவு செய்கிறது. பாப்பில்லா சுருங்கினால் முடியும் மெலியும். வழுக்கையில் நடப்பது அதுதான். பாப்பில்லாவைச் சுற்றியிருக்கும் மேட்ரிக்ஸ் செல்கள் உடலிலேயே மிக வேகமாகப் பிரியும் செல்களில் சேர்ந்தவை. புற்றுநோய்க்கான கீமோதெரபி வேகமாகப் பிரியும் செல்களைத் தாக்குவதால்தான் சில வாரங்களுக்குள் முடி கொட்டுகிறது.

மேட்ரிக்ஸில் பிறந்த செல்கள் மேலே தள்ளப்படும்போதே கெரட்டின் புரதத்தால் நிரம்பி, உட்கருவை இழந்து, இறந்து இறுகுகின்றன. அவற்றைச் சுற்றி உள்ளுறை, வெளியுறை என இரண்டு உறைகள். உள்ளுறை முடிக்கு முன்பே கெட்டியாகி, மென்மையாக ஏறிவரும் தண்டுக்கு வார்ப்பு அச்சாக நிற்கிறது. எண்ணெய்ச் சுரப்பி திறக்கும் மட்டத்துக்குச் சற்றுக் கீழே வந்ததும் சிதைந்துவிடுகிறது. வெளியுறையோ தோலின் மேல்படலத்தோடு தொடர்ச்சியாக இணைந்த பகுதி. பக்கவாட்டில் எண்ணெய்ச் சுரப்பி. அதற்குக் கீழே, முடியைச் சிலிர்க்க வைக்கும் சிறு தசை வந்து பிடிக்கும் இடம். அக்குளிலும் அந்தரங்கப் பகுதியிலும் ஒருவகை வியர்வைச் சுரப்பியும் மயிர்க்காலுக்குள்ளேயே திறக்கிறது.

அந்தத் தசை பிடிக்கும் இடத்தில் வெளியுறை லேசாகப் புடைத்திருக்கும். மயிர்க்காலின் உயிர்நாடி இந்தப் புடைப்புதான். புதிய செல்களை உண்டாக்கும் ஸ்டெம் செல்கள் இங்கே குடியிருக்கின்றன. முடிக்கு நிறம் தரும் மெலனோசைட் செல்களின் ஸ்டெம் செல்களும் இங்கேதான். மயிர்க்காலின் கீழ்ப்பகுதி ஒவ்வொரு சுழற்சியிலும் அழிந்து மறுபடி உருவாகும். புடைப்பும் அதற்கு மேலே உள்ள பகுதியும் நிரந்தரமானவை. முடியைப் பிடுங்கினாலும் வாக்ஸ் செய்தாலும் திரும்ப முளைப்பதற்குக் காரணம் இதுவே: கீழே இருப்பது கிழிந்து வந்தாலும் புடைப்பு தப்பித்துவிடுகிறது. ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் பிடுங்கிக்கொண்டே இருந்தால் மட்டும் அங்கே தழும்பு விழுந்து முளைப்பது நின்றுவிடக்கூடும். முடி நீக்கும் லேசர் சிகிச்சையில் தண்டின் கருநிறமி ஒளியை உறிஞ்சிச் சூடாகி, அந்தச் சூடு புடைப்பு வரை பரவ வேண்டும். அதனால் நரைத்த முடிக்கு லேசர் பலிக்காது. வளர்ச்சி நிலையில் உள்ள மயிர்க்கால்களே சரியாகச் சிக்கும் என்பதால் ஒரே அமர்வில் வேலை முடியவும் முடியாது.

இனித் தண்டு. குறுக்கே வெட்டினால் மூன்று அடுக்குகள். வெளியே கியூட்டிக்கிள்: நிறமற்ற, தட்டையான செதில்கள், வீட்டுக் கூரையின் ஓடுகளைப் போல ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து, 5 முதல் 10 அடுக்குகளாக, நுனியை நோக்கி அடுக்கப்பட்டிருக்கும். அதனால்தான் வேரிலிருந்து நுனி நோக்கி விரலை ஓட்டினால் வழுக்கும், எதிர்த் திசையில் ஓட்டினால் சொரசொரக்கும். நுனியிலிருந்து மேல்நோக்கிச் சீவிப் பம்மென்று ஆக்குவது இந்தச் செதில்களை நெம்பித் தூக்கும் வேலை. செதில்களின் மேற்பரப்பில் இரசாயனப் பிணைப்போடு ஒட்டிய மெல்லிய கொழுப்பு அடுக்கு உண்டு. தண்ணீர் ஒட்டாமல் உருள்வதும் புதிய முடி வழுவழுப்பாக இருப்பதும் அதனால். ஒருமுறை பிளீச் செய்தாலே அதில் பெரும்பகுதி போய்விடும், திரும்ப வராது.

நடுவில் இருப்பது கார்டெக்ஸ். முடியின் எடையில் பெரும்பங்கு இதுதான். வலு, நிறம், நீட்சி எல்லாம் இங்கிருந்தே. நீளவாக்கில் அடுக்கிய கெரட்டின் இழைகள், இடையிடையே மெலனின் என்னும் நிறமித் துகள்கள். கெரட்டினில் சிஸ்டீன் என்னும் கந்தகம் கலந்த அமினோ அமிலம் நிறைய உண்டு. (முடி கருகும்போது வரும் நாற்றத்துக்குக் கந்தகமும் ஒரு காரணம்.) இரண்டு சிஸ்டீன்களின் கந்தகங்கள் கைகோத்து உண்டாகும் டைசல்பைடு பிணைப்பே முடியின் உறுதிக்கு முதுகெலும்பு. மையத்தில் உள்ள மெடுல்லா மெல்லிய முடிகளில் பெரும்பாலும் இருக்காது. மனித முடியில் அதன் பங்கு சொற்பம். தலைமுடியின் தடிமன் பெரும்பாலும் 0.05 முதல் 0.1 மில்லிமீட்டருக்குள் அடங்கும்.

தண்ணீரில் நனைந்தால் முடி தன் எடையில் சுமார் 30 சதவீதம் வரை நீரை உறிஞ்சும். நீளம் ஒன்றிரண்டு சதவீதமே கூடும், தடிமனோ அதைவிடப் பல மடங்கு கூடும். அப்போது கெரட்டின் இழைகளுக்கு இடையே இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் விட்டுவிடும். உலரும்போது அந்த நேரத்து வடிவத்திலேயே மறுபடி பிணையும். ஈரமுடியைச் சுருட்டிக் காயவைத்தால் சுருள் நிற்பதும், காற்றில் ஈரப்பதம் ஏறியதும் அது கலைவதும் இதனால். ஈரமுடி எளிதில் நீண்டு அறுந்துவிடும் என்பதால் சிக்கெடுக்க அகலப் பல் சீப்பு எடுத்து, நுனியில் தொடங்கி, நாலைந்து விரற்கடை மேலே மேலே போக வேண்டும். உச்சியிலிருந்து ஒரே இழுப்பாக இழுத்தால் சிக்கு முழுவதும் கீழே ஒரே இடத்தில் இறுகி, அங்கேயே அறுபடும். மிகவும் சுருண்ட முடிக்கு மட்டும் இது மாறும்: அது உலர்ந்த நிலையில்தான் அதிகம் சிக்கும், ஆகவே கண்டிஷனர் தடவி ஈரத்தோடு வாருவதே பாதுகாப்பு.

டைசல்பைடு பிணைப்பைத் தண்ணீரால் உடைக்க முடியாது. நிரந்தரச் சுருள் போடுவதில் தயோகிளைகோலேட் என்னும் வேதிப்பொருள் அதை உடைக்கிறது, பிறகு ஹைட்ரஜன் பெராக்சைடு புதிய வடிவத்தில் மறுபடி கட்டுகிறது. அதே தயோகிளைகோலேட், இன்னும் அதிகக் காரத்தன்மையில், முடி நீக்கும் கிரீமாக வேலை செய்கிறது; அங்கே இழை கூழாகிவிடும். இரண்டுக்கும் நடுவே உள்ள வேறுபாடு செறிவும் நேரமும் காரமும் மட்டுமே என்பதால், சொன்ன நிமிடங்களுக்கு மேல் விட்டுவைப்பது ஆபத்து. சோடியம் ஹைட்ராக்சைடு சேர்ந்த நேராக்கும் மருந்து வேறு வழியில் போகிறது: கந்தகப் பாலத்திலிருந்து ஒரு கந்தகத்தையே கழற்றிவிடுகிறது. அதைத் திரும்பக் கட்ட முடியாது. அப்படி நேராக்கிய முடியின் மேல் தயோகிளைகோலேட் போட்டால் அது அறுந்து கையோடு வரும். ‘கெரட்டின் சிகிச்சை’ என்ற பெயரில் செய்யப்படும் பல நேராக்கல்கள் ஃபார்மால்டிஹைடோ அதை வெளிவிடும் பொருளோ கொண்டவை. சூட்டில் வரும் புகை கண்ணையும் மூச்சுக்குழலையும் எரிக்கும்.

சூட்டுக் கருவிகளில் செய்யும் பெரிய தவறு ஈரம் இருக்கும்போதே வைப்பது. இழைக்குள் இருக்கும் நீர் திடீரென்று ஆவியாகிக் குமிழ்களை உண்டாக்கும். அந்தக் குமிழ் இருக்கும் இடத்தில் முடி பிறகு ஒடியும். முற்றிலும் உலர்ந்த பிறகு, வேலை நடக்கும் மிகக் குறைந்த வெப்பநிலையில், ஒரு கற்றைக்கு ஒரு தடவை என்பதே சரி. 200 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் கெரட்டினே சிதையத் தொடங்கும்.

சேதமான முடியின் மேற்பரப்பில் எதிர்மின் தன்மை கூடும். கண்டிஷனரில் நேர்மின் தன்மையுள்ள பொருள்கள் இருப்பதால் அவை சேதமான இடத்தில் அதிகமாக ஒட்டிக்கொள்ளும், செதில்கள் படியும், உராய்வு குறையும். ஆக, அது தண்டின் நடுவிலிருந்து நுனிவரை தடவ வேண்டியது. உச்சந்தலைக்கு அது தேவையில்லை. ஷாம்பூ நேர்மாறு: எண்ணெய் சுரப்பது உச்சியில், தேய்க்க வேண்டியதும் அங்கேதான். எண்ணெய்களில் தேங்காய் எண்ணெய் இழைக்குள் புகுந்து, கழுவும்போது புரதம் வெளியேறுவதைக் குறைப்பது சோதனைகளில் தெரிந்திருக்கிறது. அதன் லாரிக் அமிலம் சிறிய, நேரான மூலக்கூறு. மினரல் எண்ணெய் மேலேயே நின்றுவிடும். எதுவும் மயிர்க்காலுக்கு உணவு ஊட்டுவதில்லை. அதன் உணவு ரத்தத்தில் வருகிறது. பிளந்த நுனியை நிரந்தரமாக ஒட்டவைக்கும் பொருளும் கிடையாது, வெட்டத்தான் வேண்டும். வெட்டினால் வளர்ச்சி கூடாது, பிளவு மேலே ஏறாமல் நிற்கும், அவ்வளவே. சவரம் செய்தால் தடிமனாக வளரும் என்பதை உடற்கூறு ஆய்வாளர் மில்ட்ரெட் டிராட்டர் 1928இலேயே அளந்து பார்த்து மறுத்துவிட்டார். கூர்ந்த நுனி போய் மொட்டையான வெட்டுமுனை தெரிவதால் வரும் மயக்கம் அது.

இப்போது எண்ணிக்கைக்கு வருவோம். உடல் முழுவதும் சுமார் 50 லட்சம் மயிர்க்கால்கள். தலையில் சுமார் 1 லட்சம். உள்ளங்கை, உள்ளங்கால், உதடு போன்ற சில இடங்களில் கிடையாது. எல்லாம் கருவிலேயே உருவாகிவிடும், பிறந்த பிறகு புதிதாக எதுவும் சேர்வதில்லை. தலையில் ஒவ்வொரு மயிர்க்காலும் தனித்தனி நேரக் கணக்கில் ஓடுகிறது: வளர்ச்சி நிலை 2 முதல் 6 ஆண்டுகள், சுருங்கும் நிலை 2 அல்லது 3 வாரங்கள், ஓய்வு நிலை ஏறக்குறைய 3 மாதங்கள். மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வளர்ச்சி. வளர்ச்சி நிலை 3 ஆண்டு உள்ளவருக்கு முடி 36 சென்டிமீட்டர் அளவில் நின்றுவிடும். 6 ஆண்டு உள்ளவருக்கு 72. ‘இதற்கு மேல் வளரவே மாட்டேன் என்கிறது’ என்பதன் விளக்கம் இதுதான், அல்லது நுனி ஒடிகிறது. புருவ முடியின் வளர்ச்சி நிலை சில வாரங்களே, அதனால்தான் அதைப் பின்ன முடிவதில்லை.

கணக்குப் போட்டால் தினசரி உதிர்வும் தானாக வரும். 1 லட்சத்தில் 10 சதவீதம், அதாவது 10,000 முடி ஓய்வில் இருக்கிறது, அவை 100 நாளில் விழ வேண்டும், நாளைக்கு 100. நடைமுறையில் 50 முதல் 100 என்பார்கள். மூன்று நாளைக்கு ஒருமுறை தலைக்குக் குளிப்பவர் அன்று 200 முடியைப் பார்த்தால் அது மூன்று நாள் பாக்கி, ஷாம்பூவின் குற்றமல்ல.

உதிர்வா ஒடிவா என்று வீட்டிலேயே பிரிக்கலாம். விழுந்த முடிகளை வெளிர் முடியென்றால் கருந்துணியிலும், கருமுடியென்றால் வெண்துணியிலும் பரப்பி, இரு முனைகளையும் பாருங்கள். ஒரு முனையில் குமிழ் இருந்து, முழு நீளமும் இருந்தால் உதிர்வு. காரணத்தை மயிர்க்காலில் தேட வேண்டும். குமிழ் இல்லாத குட்டைத் துண்டுகள் என்றால் ஒடிவு. சாயம், சூடு, இறுக்கமான கட்டு ஆகியவற்றைக் குறைக்க வேண்டும். மாத்திரை விழுங்கிப் பயனில்லை. தண்ணீர்க் குவளையில் முடியைப் போட்டு மிதக்கிறதா மூழ்குகிறதா என்று பார்க்கும் சோதனையை நம்ப வேண்டாம். முடியில் படிந்த எண்ணெயே முடிவை மாற்றிவிடும்.

கடும் காய்ச்சல், அறுவைச் சிகிச்சை, பிரசவம், பட்டினி போன்ற உணவுக் கட்டுப்பாடு ஆகியவை ஏராளமான மயிர்க்கால்களை ஒரே நேரத்தில் ஓய்வுக்கு அனுப்பிவிடும். ஓய்வு 3 மாதம் என்பதால் கொட்டுவது 2, 3 மாதம் கழித்தே தெரியும். பலர் போன வாரம் மாற்றிய ஷாம்பூவைத் திட்டுவார்கள். தேட வேண்டியது மூன்று மாதத்துக்கு முந்தைய நாட்காட்டியில். காரணம் நீங்கியிருந்தால் பெரும்பாலும் 6 மாதத்துக்குள் உதிர்வு தானே அடங்கும். நீளம் திரும்ப ஓராண்டுக்கு மேல் ஆகும். அடங்கவில்லை என்றால் ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் புரதம்), தைராய்டு பரிசோதனை செய்வது நியாயம். முடிக்கென்று விற்கும் பயோட்டின் ஒரு பி வைட்டமின்; அதன் பற்றாக்குறை அரிது. அதிக அளவில் எடுத்தால் தைராய்டு, இதயத்துக்கான ட்ரோபோனின் பரிசோதனை முடிவுகளையே அது பிழையாக்கக்கூடும். வைட்டமின் ஏ, செலினியம் மிதமிஞ்சினால் முடி கொட்டவே செய்யும்.

வழுக்கையின் கதை வேறு. டெஸ்டோஸ்டிரோனிலிருந்து உண்டாகும் டிஎச்டி என்னும் ஹார்மோன், மரபால் அதற்கு இசைந்த மயிர்க்கால்களில் வளர்ச்சி நிலையைச் சுழற்சிக்குச் சுழற்சி குறைத்து, முடியைக் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத பூமுடியாக மெலிய வைக்கிறது. அதே ஹார்மோன் தாடியைத் தடிக்க வைப்பது விந்தை. மயிர்க்கால் எந்த இடத்தைச் சேர்ந்தது என்பதே விடையை மாற்றுகிறது. பின்தலை மயிர்க்கால்களை முன்னால் நட்டாலும் அவை தம் பழைய இயல்போடே வளரும் என்று தோல் மருத்துவர் நார்மன் ஒரென்ட்ரைக் 1959இல் வெளியிட்டார். முடி நடுவது சாத்தியமானது அதனால். ஃபினாஸ்டிரைடு என்னும் மருந்து டிஎச்டி உண்டாவதைக் குறைக்கும். கருவுற்ற பெண்களுக்கு அது ஆகாது. மினாக்சிடில் என்னும் மருந்து வளர்ச்சி நிலையை நீட்டும். தொடங்கிய முதல் சில வாரங்களில் பழைய ஓய்வு முடிகள் தள்ளப்பட்டு அதிகம் விழும். பயந்து அப்போதே நிறுத்துவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. குறைந்தது 4 மாதம் பார்க்காமல் பலனைச் சொல்ல முடியாது. நிறுத்தினால் கிடைத்ததும் போகும்.

நிறத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மெலனின் இரண்டு வகை: கருமை, பழுப்புக்கு யூமெலனின், செம்மைக்கு ஃபியோமெலனின். குமிழில் உள்ள மெலனோசைட்டுகள் தண்டு உருவாகும்போதே நிறமியைச் செலுத்துகின்றன. அவற்றை நிரப்பும் ஸ்டெம் செல்கள் தீரும்போது அடுத்து வரும் முடி வெளுத்து வருகிறது. ஏற்கெனவே வெளியே வந்த கருமுடி ஒரே இரவில் நரைக்க வழியில்லை, இழையில் உயிர் இல்லையே.

பயன் என்ன என்ற கேள்விக்குப் பலர் ‘அழகு’ என்று முடித்துவிடுகிறார்கள். தலைமுடியின் முதல் வேலை வெயிலைத் தடுப்பது. நிமிர்ந்து நடக்கும் உயிருக்கு நேர்வெயில் படும் இடம் உச்சந்தலை. 2023இல் வெளியான ஆய்வில், சூடேற்றிய பொம்மையின் தலையில் விதவிதமான விக்குகளை மாட்டி அளந்தபோது, இறுகச் சுருண்ட முடியே தலைக்கு ஏறும் வெயில் சூட்டை அதிகம் குறைத்தது. இமை முடி காற்றோட்டத்தைத் திருப்பி, கண் உலர்வதையும் தூசி படிவதையும் குறைக்கிறது. அதன் நீளம் கண்ணின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும்போது பலன் அதிகம். அதைவிட நீண்டால் காற்றை உள்ளே இழுத்துவிடும் என்பதால் மிக நீண்ட பொய் இமைகள் கண்ணை உலர்த்தலாம். புருவம் வியர்வையை ஓரத்துக்குத் திருப்புகிறது, மூக்கு முடி பெரிய துகள்களைப் பிடிக்கிறது, அக்குள் முடி உராய்வைக் குறைக்கிறது.

எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது தொடுவுணர்வு. மயிர்க்காலைச் சுற்றி ஈட்டிமுனை போன்ற நரம்பு முனைகள் வேலியாக நிற்கின்றன. உயிரற்ற இழை அசைந்தால் நெம்புகோல் போல அடியில் அது பெரிதாகப் பதிவாகும். எறும்பு தோலைத் தொடும் முன்பே தெரிந்துவிடுகிறது. சிலிர்ப்பால் வெப்பத்தைக் காக்கும் அளவுக்கு மனித உடலில் முடி மிச்சமில்லை. ஆனால் காயம் பட்ட இடத்தில் மயிர்க்கால்களின் செல்கள் மேலே ஏறி வந்து தோலை மூட உதவுகின்றன.

மருத்துவரிடம் தள்ளிப்போடாமல் போக வேண்டியவை சில உண்டு. வட்டமாகத் திடீரென்று சொட்டை விழுவது பெரும்பாலும் தன்னெதிர்ப்பு நோய். அங்கே மயிர்க்கால் உயிரோடு இருப்பதால் முடி திரும்பலாம். குழந்தையின் தலையில் செதிலோடு சொட்டை என்றால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். பூச்சு மருந்து மயிர்க்காலுக்குள் போதுமான அளவு இறங்காது, விழுங்கும் மருந்து தேவை. நெற்றியோரத்தில் இறுக்கப் பின்னலால் குறைந்த முடி, சீக்கிரம் தளர்த்தினால் திரும்பும், ஆண்டுகள் போனால் திரும்பாது. மிக அவசரமானது தழும்பு வகை: எரிச்சல், வலி, சிவப்பு இருந்து, சொட்டையான தோல் வழவழவென்று மின்னி, துளைகளே தெரியாமல் இருந்தால் அழற்சி புடைப்பையே அழித்துக்கொண்டிருக்கிறது. அழிந்த மயிர்க்கால் திரும்பாது. சிகிச்சை காப்பாற்றுவது அடுத்திருக்கும் மயிர்க்கால்களைத்தான்.